அண்ணன் வாங்கிக் கொடுத்த டிரைவ்

தையல் மிஷின் இழுப்பறையில், எண்ணெய் வாடை அடிக்கும் மூலையில், நூல்கண்டுகளுக்கு அடியே அவள் கையை விட்டுத் துழாவியபோது அந்தப் பென் டிரைவ் வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று நாளாக அவள் தொடாத பொருள். மருந்துக்கடை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கணவனோ காலையிலேயே வெளியூர் கிளம்பிப் போயிருந்தான்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது; மேலே எண் பொத்தான்கள். சரியான எண்ணை அழுத்தினால்தான் திறக்கும். "உன் நம்பரப் போட்டுக்க. எனக்குக்கூடச் சொல்லாத" என்று அண்ணன் அதைக் கையில் கொடுத்த அன்று அவள் அழுதேவிட்டாள். அம்மா அப்பா போனபின் அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். இரண்டு வருடமாகக் கணவன் அடித்த தடயமெல்லாம் அதில் படங்களாக இருந்தது: தோள், கழுத்து, விலா. நாளை காலை வக்கீலிடம் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அவள் பேச்சை யாரும் நம்பப்போவதில்லை.

எண்ணை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் செருகினாள்.

நாற்பத்தொரு படங்களில் ஒன்றுகூட இல்லை. ஒரே ஓர் ஒலிப்பதிவு மட்டும். இன்றைய தேதி. இருபது நிமிடத்துக்கு முன்.

சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தட்டினாள்.

"அவ நம்பர் தெரியாம எப்படித் தொறந்தீங்க மச்சான்?" கணவன் குரல்.

"குடுக்கறதுக்கு முன்னாடியே நான் ஒரு நம்பர் போட்டு வச்சிருந்தேன் மாப்ள. அவ தன் நம்பர எத்தன தடவ மாத்துனாலும், இது தொறக்கும்." அண்ணன். சிரித்தபடி. "அவளுக்கு அதெல்லாம் தெரியாது."

கட்டியவன் இத்தனை நாள் அடித்த அடியில் ஒன்றுகூட இப்படி வலித்ததில்லை.

"சரி, இந்தப் பேச்சையே இதுல போட்டு வைப்போம். வந்து கேக்கட்டும். அது வரைக்கும் உள்ள இருப்போம்." மறுபடி கணவன்.

பதிவு நின்றது.

படுக்கையறைக் கதவு. காலையில் திறந்து போட்டுவிட்டுப் போனது. இப்போது சாத்தியிருந்தது. அடியில் ஒரு கீற்று வெளிச்சம். அதில் நிழல்கள். இரண்டு ஜோடிக் கால்கள்.

டிரைவைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள்.

"குட்டிம்மா." உள்ளேயிருந்து அண்ணன். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தவளை மருந்து குடிக்க எழுப்பிய அதே மெதுவான குரல். "கேட்டு முடிச்சிட்டியாடா?"

தாழ்ப்பாள் விலகியது.