நண்டின் எட்டாவது செருப்பு

இன்னாசிமுத்து தொண்ணூற்றொன்பதாவது முறையாக ஆறு வயதிலிருந்து அறுபத்தெட்டுக்குத் திரும்பி வந்து, தலையில் கவிழ்த்திருந்த பருவமாற்றியைக் கழற்றினார்.

“இன்னும் ஒண்ணுதானே?” என்றாள் மனைவி ரீத்தம்மாள்.

“ஒண்ணுதான். ஆனா ஊரில மிச்சம் இருக்கிறது உன் தம்பி எழுதினது மட்டும்.”

சிறுவர் கதை எழுத வருகிறவர்கள், அச்சில் வந்த நூறு சிறுவர் நூல்களைப் பருவமாற்றி போட்டுக்கொண்டு படித்திருந்தால்தான் பதிப்பகங்கள் கைப்பிரதியைக் கையால் தொடும். அந்தக் கருவி மண்டைக்குள் இருக்கும் வருஷங்களைத் தூங்கவைத்துவிட்டு ஆறு வயதை மட்டும் எழுப்பிவிடும். கழற்றிய பிறகும் படித்ததெல்லாம் நினைவிருக்கும். எதற்கு அப்படிச் சிரித்தோம் என்பதுதான் விளங்காது.

மச்சினன் தொம்மையின் கதை பதினேழு பதிப்பு கண்டது. எட்டுக் காலுக்கும் செருப்பு கேட்டுத் தூத்துக்குடிக் கடைத்தெருவையே கலக்கிய நண்டு. கடைசிவரை ஏழுதான் கிடைக்கும். இன்னாசிமுத்து எழுதிய கதையில் வரும் சுறாவோ பக்கத்துக்குப் பக்கம் நாற்பத்திரண்டு புத்திமதி சொல்லும். தொம்மையின் நூலை வெளியிட்ட அதே பதிப்பகம் அதைப் பதினோரு முறை பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருந்தது. அவருடைய வயிற்றெரிச்சலில் ஒரு படகு நெத்திலியைக் கருவாடாக்கிவிடலாம்.

வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பருவமாற்றியை மாட்டினார்.

நண்டு கடைக்காரரிடம் வாயைத் திறந்ததுமே இன்னாசிமுத்து சிரித்த சிரிப்பில் கொடியில் காய்ந்த வேட்டி பறந்து மூன்றாவது தெருவில் போய் விழுந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கம் அஞ்சல்தாள். அதில் எழுதிக் கிழித்தால் எழுதியது அந்த நொடியே பதிப்பகத்துக்குப் போய்விடும். ஆறு வயது கை எழுதியது:

‘தொம்மை மாமா, எட்டாவது காலுக்கு என் செருப்பை நண்டுக்குக் குடுக்கேன். அது பெருசு. அதுல ஏறிக் கடலுக்குப் போகட்டும். அப்ப மத்த ஏழும் கரையில கிடக்குமே, யாரு காவலு? நான் இருக்கேன். நண்டு வர லேட்டானா எங்க அம்மாகிட்ட நீங்க சொல்லணும். இன்னாசி.’

கழற்றியதும் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் தாள் கிழிந்தாயிற்று. கையோடு சுறாவையும் பன்னிரண்டாவது தடவையாக அனுப்பிவைத்தார்.

பதில் ஒரே வாரத்தில் வந்தது. ‘ஐயா, சுறா எங்களுக்கு உகந்ததாக இல்லை. கடிதம் எழுதிய இன்னாசி ஒரு புத்தகம் எழுதித் தருவானா?’

அச்சில் பெயர் வருகிறதே என்று இன்னாசிமுத்து தினமும் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இன்னாசி ஒன்பதே நாளில் எழுதி முடித்தான். ‘இன்னாசி, வயது ஆறு’ என்று அட்டை போட்டு வந்த புத்தகத்தை ஏற்றத் துறைமுகத்தில் கப்பல்கள் வரிசையில் நின்றன. தெருவில் பார்த்தவர்களெல்லாம், “பெரியவரே, இன்னாசி சாப்பிட்டானா?” என்று கேட்டார்கள். பெரியவர் சாப்பிட்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் தொம்மை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“அத்தான், வயிறு எரியுது. முப்பது வருஷமா எழுதுறேன். இந்தப் பொடிப்பய ஒரு புத்தகத்தில என்னை ஓரங்கட்டிட்டான்.”

“எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு? நானும் ஏழு தடவை படிச்சுப் பாத்துட்டேன். எங்க சிரிக்கணும்னே தெரியல.”

“பருவமாத்தியைப் போட்டுப் படிங்க. எப்படி எழுதுறான்னு பிடிச்சிரலாம்.”

“நான் போட்டா அவன் வந்துருவான் மாப்ள.”

“வரட்டுமே.”

“வந்தா சும்மா இருப்பானா? அடுத்த புத்தகத்தை ஆரம்பிச்சிருவான்.”

தொம்மை விருட்டென்று எழுந்தார். பருவமாற்றியைப் பீரோவுக்குள் தள்ளினார். இன்னாசிமுத்து பூட்டிச் சாவியைத் தொம்மையின் சட்டைப்பையில் போட்டார்.

“நானே வந்து கேட்டாலும் குடுக்காதே.”

“செத்தாலும் குடுக்க மாட்டேன் அத்தான்.”

இருவரையும் இத்தனை ஒற்றுமையாக ரீத்தம்மாள் பார்த்ததே இல்லை. “அந்தப் பிள்ளையோட அடுத்த கதைக்கு ஊரே காத்துக் கிடக்கு,” என்றாள்.

“கிடக்கட்டும்,” என்றார்கள் இருவரும்.