நுரைக்காத மருந்து

"என் ஆராய்ச்சியை யாரோ கெடுக்கறாங்க," என்றார் வந்தவர். மூளை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் தலைவர். சட்டை தோளில் தொங்கியது. ஆள் அண்மையில்தான் இளைத்திருக்க வேண்டும் என்று துப்பறிவாளர் நினைத்துக்கொண்டார்.

மனம் அடிபட்டால் மூளையில் ஒரு சின்னப் புரதத் துணுக்கு சுரந்து பசியை அடைத்துவிடும். அதைத் தடுக்கும் புரத மருந்து ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். மிரண்டுபோய்த் தீனியைத் தொடாமல் கிடந்த எலிகள், முதல் வாரம் மருந்து ஏறியதும் மளமளவென்று கொறித்தன. அடுத்த வாரம் ஒன்றுகூட வாய் வைக்கவில்லை.

"மருந்துப் பெட்டி சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, என் உதவியாளர்கிட்ட, மருந்து கலக்கற என் மனைவிகிட்ட. எனக்கு உதவியாளர் மேலதான் சந்தேகம்."

"ஆள் மாட்டிக்கிட்டான் மாமா," என்று காதைக் கடித்தாள் துப்பறிவாளரின் அக்கா மகள். வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் அவசரம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் துப்பறிவாளர் இரண்டு குப்பிகளைக் குலுக்கினார். திறக்காத குப்பியில் வெள்ளையாக நுரை நின்றது. எலிகளுக்குப் போட்டுவந்த குப்பியில் ஒரு குமிழிகூட இல்லை.

"புரதம் கலந்திருந்தா நுரைக்கும். இது வெறும் உப்புத் தண்ணி."

உதவியாளர் பதறினார். "இது ஜெயிச்சாதான் சார் எனக்குப் பட்டம். என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்குவேனா?"

கூண்டு அறையில் எல்லாக் கூண்டிலும் 'ஆண்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. தலைவரின் மனைவி தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே சாப்பிடலையாமேம்மா?"

"அவ சாப்பிட மாட்டா," என்றார் அவர், திரும்பாமலே. "எதைக் கொடுத்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்குவா."

துப்பறிவாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. எல்லோரையும் தலைவரின் அறையில் உட்காரவைத்தார்.

"மருந்தைக் கொட்டிட்டு உப்புத் தண்ணி ஊத்தியிருக்காங்க. சாவி உள்ளவங்க மூணு பேர். என்னைக் கூப்பிட்டவர் ஒருத்தர். தோத்தா படிப்பே போற இவர் ஒருத்தர். அம்மா, உள்ள இருக்கறது அத்தனையும் ஆண் எலி. நீங்க சொன்ன 'அவ' யாரு?"

தலைவர்தான் வாய் திறந்தார். "எங்க பொண்ணு. தோழி விபத்துல போனதுலேர்ந்து சாப்பாட்டை விட்டுட்டா. போன வருஷம்…"

மனைவி மறுக்கவில்லை. "அதுங்க சாப்பிட்டதைப் பார்த்து நீங்க சந்தோஷத்துல கத்துனீங்க. எனக்குப் பெத்த வயிறு எரிஞ்சுது. இது வேலை செய்யுதுன்னா அவளைக் காப்பாத்தியிருக்கலாம். ஒரு வருஷம் பிந்திட்டோம், அவ்வளவுதான். வேலை செய்யலைன்னா, யாராலயும் முடியாததுன்னு அழுதுட்டாவது இருப்பேன்."

தலைவர் கோபப்படுவார் என்றுதான் அவசரம் எதிர்பார்த்தாள். அவர் எழுந்து வந்து மனைவியின் காலடியில், தரையில் உட்கார்ந்தார்.

"கத்தினதும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவகிட்ட சொல்லணும்னு போனை எடுத்துட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துது."

உதவியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துப்பறிவாளர் அவசரத்தின் கையைப் பிடித்து வெளியே நடத்தினார். கதவு சாத்துவதற்குள் தலைவரின் குரல் கேட்டது.

"நாளைக்கு மருந்து யார் கலக்கறது?"

"நானே கலக்கறேன்," என்றார் மனைவி. "நீங்க பக்கத்துல நில்லுங்க. தனியா முடியலை."