பன்னிரண்டு நட்டுகள்

செர்வா குலுக்குவதை நிறுத்திய பிறகும் ஜெனரேட்டரின் பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு நட்டு தட்டியது.

முற்றத்தில் பாலைவனக் காற்றின் தூசி இறங்கியிருந்தது. துருவின் வாடையும் கென்கே உருண்டைக்காக மக்காச்சோள மாவை ஊறவைத்த தண்ணீரின் புளிப்பும் கலந்து, மூக்குடைந்து ரத்தம் வரும்போது அடிக்கும் நெடியாகத் தொண்டையில் நின்றது. அந்தத் தண்ணீரையும் எட்டு எலுமிச்சையின் சாற்றையும் தொட்டிக்குள் ஊற்றி, பன்னிரண்டு இரும்பு நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் உள்துரு உதிரும். பிறகு சாம்பல் தண்ணீர் விட்டுப் புளிப்பை முறிக்க வேண்டும். கடைசியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி அலசினால் போதும். அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வேலை.

உள்ளே அவள் கணவன் அசாரே படுத்திருந்தான். இருபது வருட வெல்டிங் புகை அவன் நுரையீரலைத் தின்றுவிட்டது. ஆக்சிஜன் இயந்திரம் இல்லாமல் அவனால் எழுந்து உட்காரக்கூட முடியாது. மதியம் மின்சாரம் போனது. ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தபோதுதான் அதன் பழைய தொட்டி அடியில் அரித்து ஒழுகுவது தெரிந்தது. ஆக்சிஜன் இயந்திரத்தின் பேட்டரி ஏழு மணி வரை தாங்கும். ஆஸ்பத்திரி சிலிண்டர் நாளைக் காலைதான் வரும். இப்போது ஆறேகால்.

"கென்கே தண்ணிய இரும்புக்கு ஊத்திட்டே. எனக்கு என்னடி போடுவ?" என்று ஜன்னல் வழியே அசாரே கேட்டான். சிரிக்கப்போய் இருமினான்.

தொட்டிக்குள் மறுபடி தட்டல் கேட்டது. ஒரு பலமான தட்டு. பின் இரண்டு மெல்லியவை.

இந்த மாற்றுத் தொட்டி பழைய இரும்புச் சந்தையில் சுலேயிடம் வாங்கியது. அவரிடம் எதை வாங்கினாலும் மூன்று முறை கேட்க வேண்டும்: இது யார் வீட்டுது? கேட்டால் அவர் மறைக்கமாட்டார். சாவு வீட்டுப் பொருள் என்றால் ஜின் சாராயம் ஊற்றிக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் போட்டுத்தான் தருவார். கேட்காதவருக்கு அப்படியே கொடுத்துவிடுவார்; தானாகச் சொன்னால் அந்தச் சாவு தன் வீட்டுக்கு வரும் என்று அவருக்குப் பயம். மதியம் அவர் தொட்டியைக் கொடுத்துவிட்டும் கையை எடுக்கவில்லை.

"ஒன்னுமே கேக்காம போறியா தாயி? மாமியார் தொரத்துற மாதிரி ஓடுறியே."

நேரமில்லை என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது அவரைக் கைபேசியில் அழைத்து, மூன்று முறை கேட்டாள்.

"ரூமைச் சாத்திக்கிட்டு, உள்ளயே ஜெனரேட்டர ஓட விட்டுத் தூங்கிட்டாங்க," என்றார் சுலே. "ஒரு அம்மா, ரெண்டு சின்னப் புள்ளைங்க. கதவு வரைக்கும் வந்திருக்காங்க. தாழ்ப்பாள நீக்கத்தான் தெம்பில்ல. மூணு பேரையும் புகையில கொன்ன அந்த ஜெனரேட்டரோட தொட்டிதான் அது. மாட்டிடாத தாயி."

உள்ளே பேட்டரி எச்சரிக்கை ஒலித்தது. ஏழாகவில்லை. அதற்குள்ளாகவே.

தொட்டியைக் கவிழ்த்தாள். செம்பழுப்பு நீர் கொட்டியது. நட்டுகள் வெள்ளியாக மின்னின. எண்ணினாள். பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு.

காலித் தொட்டிக்குள்ளிருந்து தட்டல் கேட்டது.

சாம்பல் தண்ணீர் விட்டாள். பெட்ரோல் ஊற்றி அலசினாள். ஜெனரேட்டரை வீட்டுச் சுவரிலிருந்து இருபதடி தள்ளி இழுத்துப்போட்டாள். ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டாள். புகை உள்ளே போகக் கூடாது. தொட்டியை மாட்டி, பெட்ரோல் நிரப்பினாள். அதன் தகரம் அவள் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்துகொண்டே இருந்தது.

பேட்டரி தீர்ந்து, எச்சரிக்கை ஒலியும் நின்றது. அசாரேயின் மூச்சு இழுப்பது முற்றம் வரை கேட்டது.

கயிற்றை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் இயந்திரம் உறுமியது. படுக்கையறையில் விளக்கு எரிந்தது. ஆக்சிஜன் இயந்திரத்தின் முனகல் கேட்டது. அசாரே நீளமாக மூச்சு விட்டான். அவள் அழுதாள்.

தொட்டியில் கை வைத்துப் பார்த்தாள். தட்டல் இல்லை.

படுக்கையறையின் முதல் ஜன்னல் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து. அடுத்தது. அடுத்தது.

ஓடினாள். அறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ் விழும் சத்தம். அசாரேயால் எழ முடியாது. கதவின் அடியிலிருந்து நீல நிறப் புகை கசிந்தது. இயந்திரச் சத்தம் இப்போது முற்றத்தில் இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்தது.

"அசாரே."

பதில் வந்தது. கதவின் உள்பக்கம், அவள் தோள் உயரத்தில், பலமாக ஒரு தட்டு.

முழங்கால் உயரத்தில், மெல்ல, இரண்டு.