ஒத்தடம்

பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மாடிக்குப் போய், வயிறு முட்டச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு இறங்கி வந்த பிறகும் அந்த கேம் பெட்டி சூடாகவே இருந்தது.

டாக்டர் புறங்கையை வைத்துப் பார்த்தார். மிஷின் சூடு வேறு. அது விரலைச் சுடும், விட்டுவிடும். இது ஜுரம் வந்த பிள்ளையின் கழுத்தடியில் இருக்குமே, அந்தச் சூடு. விரலை எடுத்த பிறகும் விரலிலேயே இருந்தது.

டாக்டர் என்பது அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட பட்டம். பழுதான கேம் பெட்டிகளைச் சரிசெய்யும் கடைக்கு 'மருத்துவமனை' என்று பலகை. உள்ளே வந்த பெட்டி 'அட்மிட்', ஸ்க்ரூவைக் கழற்றினால் 'ஆபரேஷன்'. வெள்ளைக் கோட்டும் உண்டு. பையில் டெஸ்டர் குத்திக் குத்தி ஓட்டை விழுந்த கோட்டு. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழை யாரும் கிட்டப் போய்ப் படிப்பதில்லை என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். ஏதோ ஒரு கண்காட்சியில் 'கலந்துகொண்டமைக்காக' என்றுதான் அதில் இருந்தது.

"உங்க பேஷன்ட் எல்லாம் திரும்பத் திரும்ப உங்ககிட்டயே வர்றாங்களே டாக்டர், அவ்வளவு பாசமா?" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் கேட்பார். டாக்டர் சிரிப்பில் கலந்துகொள்ள மாட்டார். திரும்பி வருவதற்குக் காரணம் அவருக்குத் தெரியும்.

பெட்டி அளவு மீறிச் சூடாகிச் சூடாகி ஆறும்போது, உள்ளே சிப்புக்கு அடியில் இருக்கும் ஈயப் பொட்டுகளில் விரிசல் விடும். சிப்பைப் பெயர்த்தெடுத்து, பழைய ஈயத்தை வழித்து, புதுசு வைப்பதுதான் வைத்தியம். அதற்குக் கையும் கண்ணும் பொறுமையும் வேண்டும். டாக்டரிடம் இருந்தது ஒரு தடித்த குளியல் துண்டு. பெட்டியைத் துண்டால் இறுக்கிச் சுற்றி, காற்றுப் போகும் வழியை அடைத்து, ஓடவிட்டுவிடுவார். தன் சூட்டிலேயே ஈயம் இளகி, விட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நாலு நாள் ஓடும். ஆறினால் மறுபடி விரியும். இதற்கு அவர் வைத்த பெயர் 'ஒத்தடம்'. வாடிக்கையாளரிடம் மட்டும் 'தெர்மல் ட்ரீட்மென்ட்'.

காலையில் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்த பெண்மணி அதைப் பையில் கொண்டுவரவில்லை. ஸ்வெட்டருக்குள் மாரோடு அணைத்து, மேலே சால்வையையும் சுற்றியிருந்தாள். கைக்குழந்தை என்று நினைத்து டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முன்னெல்லாம் ரொம்ப நேரம் சூடு நிக்கும் டாக்டர். இப்போ சீக்கிரம் ஆறிப் போயிடுது. ஆற விட்டுடாதீங்க."

"யார் விளையாடுறதும்மா?"

"என் பையன். இதுல உக்காந்தா எந்திரிக்கவே மாட்டான். படியில நடந்து இறங்கி நான் பாத்ததே இல்ல, கடைசிப் படியெல்லாம் தாண்டி ஒரே குதி. அப்படிக் குதிச்சப்போதான்..." அவள் பெட்டியைத் தடவினாள். "இப்போ இது ஒண்ணுதான் இருக்கு."

டாக்டருக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் அவருக்கு வாய் நீளும்.

"கவலையே படாதீங்க. செத்ததை எல்லாம் எழுப்பின கை இது. உயிர் குடுத்துடுறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவே குடுப்பீங்களா?"

"குடுத்தாச்சுன்னே வெச்சுக்கோங்க."

"யார் வீட்டு உயிரு டாக்டர்?"

பேச்சுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். "நம்ம வீட்டு உயிருதான்!" அவள் சிரிக்கவில்லை. கைகூப்பிவிட்டுப் போனாள்.

இப்போது மழை பிடித்திருந்தது. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே தெரு சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் மூடியைத் திறந்தார். விசிறி முழுக்க மென்மையான, கருத்த தூசு. ஊதியபோது பறக்காமல் மயிர்க்கற்றை போல ஒரு பக்கமாகச் சாய்ந்து படிந்தது. தூசின் வாடை இல்லை. இருமல் மருந்தும் தூங்கி எழுந்த வாயும் கலந்த ஒரு வாடை, வெதுவெதுப்பாக, அவர் முகத்துக்கு நேராக, விட்டு விட்டு வந்தது. அவர் மூடியை அவசரமாகப் போட்டு மூடினார். புது ஈயம் எல்லாம் இதற்கு வேண்டாம். ஒத்தடம் போதும். துண்டைச் சுற்றி, டிவியில் இணைத்து, ஸ்விட்சைத் தட்டினார்.

பச்சை விளக்கு எரிந்தது. விசிறி இழுத்து, நிறுத்தி, விட்டது.

மாடிப்படியில் காலடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மகள் இறங்கி வந்தாள். குதிக்கத் தெரியாத பிள்ளை. படியைப் பார்த்தாலே கண்ணை உருட்டும்.

"அப்பா, குளிருது."

"மழை பெய்யுதுல்ல பாப்பா. அம்மாகிட்டப் போய்ப் படுத்துக்கோ."

பாப்பா துண்டுப் பொட்டலத்தையே பார்த்தாள். "அதுக்கு மட்டும் போத்தி விட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

டிவித் திரை மெல்ல வெளுத்தது. விளையாட்டு எதுவும் தொடங்கவில்லை. வெறும் சாம்பல் தரை, அதன் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு சுருண்டு படுத்திருந்த ஒரு பொம்மை உருவம். பெட்டி சூடேறச் சூடேற அந்த முதுகு ஏறி இறங்கத் தொடங்கியது. துண்டும் ஏறி இறங்கியது. விசிறிக் காற்று முட்டுகிறது என்று டாக்டர் தமக்கே விளக்கம் சொல்லிக்கொண்டார். தெர்மல் ட்ரீட்மென்ட்டில் இதெல்லாம் சகஜம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஏங்க!" மேலேயிருந்து மனைவி. "பாப்பாவுக்குக் கையும் காலும் ஜில்லுனு இருக்குங்க."

"கம்பளியைப் போத்து. கிளைமேட்!"

"போத்தியாச்சு டாக்டரய்யா! ரெண்டு போத்தியும் அடங்கல. அந்தப் பெரிய துண்டு எங்க? அதையாவது குடுங்க!"

துண்டு இங்கே இருந்தது. அவர் கை அதன் மேல் இருந்தது. கைக்கு அடியில் அது கொதித்தது.

திரையில் உருவம் எழுந்து உட்கார்ந்தது. அதற்குப் பின்னால், ஓரத்தில், இன்னொன்று முளைத்தது. சின்னது. ஒரு காலில் நின்று மறு பாதத்தால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டது.

பாப்பா அப்படித்தான் நிற்பாள்.

"ஏங்க, மூச்சு... மூச்சு சரியா இல்லீங்க! மேல வாங்க!"

முதல் உருவம் நின்றது. நடந்தது. திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. சின்னது மட்டும் நின்றது. தனியாக.

டாக்டர் பிளக்கைப் பிடுங்கினார்.

இருள். மழைச் சத்தம். விசிறி ஓய்வதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

மேலே மனைவி அழுவதும் நின்றிருந்தது. பிறகு அவள் சிரித்தாள். அழுகையும் சளியும் கலந்த சிரிப்பு.

"ஏங்க, பாப்பா எழுந்துட்டா! உடம்பு சூடாயிடுச்சு! பயமுறுத்திட்டியேடி கண்ணு..."

டாக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். சும்மா பயந்துவிட்டோம். கிளைமேட்.

மேலே பாப்பாவின் குரல் கேட்டது. "எங்கம்மா வந்துட்டாங்களா?"

"நான் இங்கதானடி இருக்கேன்."

"நீங்க இல்ல. எங்கம்மா."

துண்டுக்குள்ளிருந்து, நின்றுபோன விசிறியின் வழியாக, வெதுவெதுப்பாய் ஒரு காற்று வந்தது.

"அப்பா. குளிருது."

அவர் பிளக்கைத் திரும்பச் சொருகினார். பச்சை வரவில்லை, சிவப்பு விளக்கு. மறுபடி. சிவப்பு. மறுபடி. ஆறத் தொடங்கிவிட்ட பெட்டிக்குள் எங்கேயோ மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. நகம் ஒடிவது போல. 'டிக்.' அவருக்குத் தெரிந்த சத்தம். எத்தனையோ பெட்டிகளில் கேட்டும் கேட்காததுபோல இருந்த சத்தம். ஈயம் விரிகிற சத்தம்.

கோட்டைக் கழற்றிச் சுற்றினார். சட்டையைக் கழற்றிச் சுற்றினார். பொட்டலத்தைத் தூக்கி வெற்று மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அப்பா, இன்னும் இறுக்கி."

'டிக்.'

ஷட்டருக்குக் கீழே, மழைத் தண்ணீரில், இரண்டு பெண் பாதங்கள் வந்து நின்றன. உள்ளே வரவில்லை. காத்திருந்தன.

மாடிக் கதவு திறந்தது. "மெதுவாடி, கைப்பிடியைப் புடிச்சுக்கோ!" என்று மனைவி கத்தினாள்.

யாரும் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. படிகளில் காலடி எதுவும் கேட்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், தரையில், இரண்டு கால்களும் ஒன்றாக வந்து விழுந்தன.

தொப்.

டாக்டர் திரும்பவில்லை. மார்பில் இருந்த சூடு குறைந்துகொண்டே வந்தது.