நாலு இலை காலி

"எல்லார் மண்டைக்குள்ளயும் எண்ணிச் சொல்றீங்களே அம்முணி, உங்களுக்கு எத்தனைங்க?"

நஞ்சப்பன் இப்படிக் கேட்டது ஐப்பசி மாதத்தில். அப்போது அவர் தலையில் எண்ணித் தொப்பி இருந்தது. கழுத்தைத் திருப்பக் கூடாது என்பதால் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கோகிலாவுக்குக் காது வரை சூடேறியது. "ஆட்டாதீங்க, எண்ணு தப்பாப் போயிரும்" என்று மட்டும் சொன்னாள். தை பிறந்த பிறகும் அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லியிருக்கவில்லை.

சங்ககிரி லாரிப்பேட்டையின் கிழக்கு மூலையில் இருந்தது ஏற்பி எண்ணகம். லாரிகள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்டு இருபது வருடம் ஆகிவிட்டது. எட்டு லாரிகள் ரயில் பெட்டிகளைப் போல வரிசையாக வடக்கே போய்த் திரும்பும். ஆனால் முதல் லாரியில் கண் விழித்தபடி ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஏதாவது நடந்துவிட்டால் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே. அவருக்கு விழிப்பர் என்று பெயர். பதினாறு மணி நேரம் எதுவும் செய்யாமல் விழித்திருப்பது வண்டி ஓட்டுவதைவிடக் கடினம். அதற்காக வந்ததுதான் விழிப்பி என்ற நீல மாத்திரை.

விழிப்பி போட்டால் மூளையில் டோபமின் ஊறும். அந்த டோபமின் போய் உட்காரும் இடங்கள்தான் ஏற்பிகள். ஏற்பி நிறைய உள்ளவருக்கு விழிப்பி வெறும் மருந்து. தூக்கம் போகும், வாய் கசக்கும், எப்போதடா இறங்கும் என்றிருக்கும். ஏற்பி குறைந்தவருக்கோ அது சொர்க்கம். இன்னொன்று கேட்பார், அப்புறம் இன்னொன்று. இது தெரியாமல் ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்து, பேட்டையில் பல குடும்பங்கள் சீரழிந்துபோயின. அதன் பிறகுதான் மாதம் ஒரு முறை எண்ணிப் பார்க்கும் விதி வந்தது. நூற்றுக்கு ஐம்பது இருந்தால் மாத்திரையும் சாலையும். தொடர்ந்து இரண்டு மாதம் ஐம்பதுக்குக் கீழே வந்தால் உரிமம் போய்விடும். அப்புறம் ஆயுசுக்கும் பேட்டையில் டயர் கழுவ வேண்டியதுதான்.

கோகிலா ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவளுக்குக் குரல் வராது. ஒரு நாள் எழுந்து நின்றவள், அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். எண்ணாளர் வேலைக்கு அந்தக் குணமே தகுதியாகப் போயிற்று. எண்ணும் அறையில் அதிகம் பேசத் தேவையில்லை. சுடர்த்தூளை மூக்கில் ஒரு இழுப்பு இழுக்கச் சொல்ல வேண்டும். தொப்பியை மாட்ட வேண்டும். பதினொரு நிமிடம் காத்திருக்க வேண்டும். தூள் மூளைக்குப் போய் ஏற்பிகளில் ஒட்டி மினுங்கும். அந்த மினுக்கத்தைத் தொப்பி எண்ணும்.

வருகிற விழிப்பர்களிடமெல்லாம் "வாங்கண்ணா, உக்காருங்கண்ணா" என்பாள். நஞ்சப்பனிடம் மட்டும் "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பக்கத்து அறையில் எண்ணும் அரசாயி இதைக் கவனித்துவிட்டாள்.

"ஏண்டி, பேட்டையே உனக்கு அண்ணன். அந்த ஒரு மனுசன் மட்டும் என்ன பாவம் பண்ணுனாரு?"

"போங்கக்கா."

நஞ்சப்பனுக்கு முப்பத்து நான்கு வயது. வீட்டில் அம்மா மட்டும். போகிற ஊரிலிருந்து ஒவ்வொரு முறையும் கோகிலாவுக்கு ஏதாவது கொண்டுவருவார். ஒன்றே ஒன்றுதான். கோலாப்பூரிலிருந்து ஒரு வெல்லக்கட்டி. பெல்லாரியிலிருந்து ஒரு வெங்காயம். "அங்க வேற ஒண்ணும் கெடைக்கலீங்க" என்று தலையைச் சொறிந்தார். அந்த வெங்காயத்தை அவள் சமைக்கவில்லை. ஜன்னலில் வைத்திருந்தாள். அது முளைவிட்டுப் பச்சையாக நின்றது.

ஆனால் அவருடைய எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஆவணியில் அறுபத்தெட்டு. புரட்டாசியில் அறுபத்து மூன்று. ஐப்பசியில் ஐம்பத்தேழு. கார்த்திகையில் ஐம்பத்திரண்டு. மார்கழியில் எண்ணித் தொப்பி நாற்பத்தாறில் போய் நின்றது.

"நாப்பத்தாறுங்க" என்றாள். சொல்லும்போது குரல் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனது போலிருந்தது.

"என்ற எண்ணுங்களா?"

"மாத்திரை... சாஸ்தியாப் போட்டீங்களா?"

"அந்தக் கருமத்தையா? எவன் அம்முணி அதைச் சாஸ்தியாப் போடுவான்! போட்டா மண்டைக்குள்ள கட்டெறும்பு ஊருதுங்க. ஹூப்ளி தாண்டுனாத்தான் கொஞ்சம் எறங்குது." சிரிக்கப் பார்த்தார். "டயர் கழுவோணும்னா கழுவறனுங்க. பத்தொம்பது வயசுலருந்து ரோட்டப் பாத்தவன். அதான்..."

மீதியைச் சொல்லாமல் தொப்பியைக் கழற்றி, ஒரு குழந்தையைப் படுக்க வைப்பதுபோல மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் கோகிலாவுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பத்தாறு உள்ளவருக்கு விழிப்பி தேனாக இனிக்க வேண்டும். இவருக்கு இன்னும் கட்டெறும்பு ஊர்கிறது. எண் ஒன்று சொல்கிறது, நாக்கு வேறொன்று சொல்கிறது. நாக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது.

தை மாதம் பவானியில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கூட்டம் முண்டியது. பரிமாறுகிற ஆள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு எலதானுங்க இருக்குது! நாலே பேரு வாங்க!" என்று கத்தினார். நாலாவது ஆளாக கோகிலா உள்ளே போனாள். உட்கார்ந்து, ரசம் வரை வந்தபோதுதான் தலையைத் தூக்கிக் கூடத்தைப் பார்த்தாள். முந்நூறு இலையாவது இருக்கும். நாலு இலை என்றாரே?

பிசைந்த கை அப்படியே நின்றது.

அவர் எண்ணியது காலி இலைகளை. கூடத்தில் மொத்தம் எத்தனை இலை என்பதை அவர் எண்ணவே இல்லை. எண்ணித் தொப்பியும் அதைத்தானே செய்கிறது? டோபமின் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும் ஏற்பியில் தூள் ஒட்டாது. வாசலில் நின்று பார்க்கிறவருக்கு, கூட்டம் நிறைந்த பெரிய கூடமும் ஆளில்லாத சின்னக் கூடமும் ஒன்றுதான். இரண்டிலும் நாலு இலை.

அப்படியென்றால் நஞ்சப்பனுக்கு ஏற்பி குறையவில்லை. எண்ணுகிற அந்தப் பதினொரு நிமிடம் அவருடைய பந்தி நிறைந்திருக்கிறது. மாத்திரை போட்டு மூன்று நாள் ஆன பிறகுதான் எண்ணுவார்கள். மாத்திரை இல்லாமலே அந்த அறையில் அவருக்கு டோபமினை ஊற வைப்பது எது?

அந்த அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தொப்பி, ஜன்னலில் ஒரு வெங்காயம். அப்புறம் அவள்.

பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டாள்.

மறுநாள் அரசாயியிடம் போய், "எனக்கு ஒருக்கா எண்ணிப் பாருங்கக்கா, பதிய வேண்டாம்" என்றாள். தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். ஐம்பத்தெட்டு. "நல்லாத்தானடி இருக்குது" என்றாள் அரசாயி. "கழட்டாதீங்க, பத்தரை வரைக்கும் இருக்கட்டும்" என்றாள் கோகிலா.

பத்தரைக்கு வடக்கு வாசலில் ஒரு வரிசை வந்து திரும்பியது. இரண்டு குட்டை, ஒரு நீளம் என்று ஹாரன் அடித்தது. லாரி தானாக ஓடினாலும் ஹாரனை மட்டும் நஞ்சப்பன் தன் கையாலேயே அடிப்பார்.

"என்னடி இது, ஓட்டைத் தொட்டியாட்ட எறங்குது! அம்பத்தஞ்சு... அம்பது... நாப்பத்தி நாலு!" அரசாயி திரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கோகிலாவைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "அடிப்பாவி! நீ வாயத் தொறந்து சொல்லாததை இது சொல்லுதேடி!"

கண்காணிப்பாளர் தண்டபாணியிடம் போவதற்கு அவளுக்கு இரண்டு நாள் தைரியம் தேவைப்பட்டது.

"சார், நஞ்சப்பங்கறவருக்கு ஏற்பி கொறையலீங்க. எண்ணும்போது நெறஞ்சிருக்குதுங்க. ஆள் மாத்தி எண்ணுனா செரியா வருமுங்க."

"எதனால நெறஞ்சிருக்குது?"

கோகிலா மேசையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"உன்ற கைல என்ன கோளாறு?"

டம்ளரையே பார்த்தாள். தண்டபாணிக்கு விளங்க அரை நிமிடம் ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை; ஆனால் விதி தெரிந்தவர்.

"மறு எண்ணிக்கைப் படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்குது. 'இந்த விழிப்பருக்கு என்னையப் பாத்தாச் சந்தோசம்'னு எழுது. ஆமான்னு அவரும் கையெழுத்துப் போடோணும். மூணு நகல். ஒண்ணு சேலத்துக்குப் போகும்."

ஒரு வெங்காயத்தைத் தவிர அந்த மனிதர் எதுவும் சொல்லவில்லையே. அதை வைத்துக்கொண்டு மூன்று நகல் எடுப்பது எப்படி?

"வேற வழி இல்லீங்களா சார்?"

"ஒரு விழிப்பருக்கு ஒரே எண்ணாளர். ஆள் மாறுனா எண்ணு மாறும்னு எவனும் சொல்லீறக் கூடாதுன்னுதான் அந்த விதி. நீயே தொப்பிக்குள்ள இருந்தா மட்டும் அரசாயி எண்ணலாம்."

மாத்திரை அலமாரியின் சாவி கோகிலாவிடம் இருந்தது. சாவி வைத்திருப்பவரையும் வருடம் ஒரு முறை எண்ணுவார்கள்.

"அப்ப அவரை எண்ணுற அன்னைக்கே என்ற வருசக் கணக்கையும் வெச்சிருங்க சார்."

"உங்களுக்கெல்லாம் ரெண்டு மாசத் தவணை கெடையாது. ஒருக்கா அம்பதுக்குக் கீழ வந்தாச் சாவிய வாங்கீருவேன். வேலையும் அதோட போச்சு. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

அந்த நாள் வந்தது. நஞ்சப்பன் சலவைச் சட்டை போட்டு, கடைசி முறையாக வருகிறவரைப் போல வந்தார். சட்டைப் பை புடைத்திருந்தது. கோகிலா "வாங்க" என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை போதும், பந்தியில் நாற்பது பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தூளை நீட்டினாள். தொப்பியை மாட்டினாள். அவர் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, "நாக்பூருங்க" என்று நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் வாங்கிவிடுவோம் என்று பயந்து, சுவரைப் பார்த்தபடி வெளியே போய்விட்டாள்.

அரசாயி வந்து உட்கார்ந்தாள்.

"அவிங்க எங்கீங்க?"

"அவளுக்கு வேற சோலி. ஆட்டாம இருங்கண்ணா."

பதினொரு நிமிடம் கழித்து எண்ணி எழுபத்திரண்டு காட்டியது. ஆவணியில் வந்ததைவிட அதிகம். எதிர்பார்த்தது வராமல் போகும்போது, முன்பே உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து போய்விடுவார்கள். பந்தி முழுவதும் காலி. மனம் உடைந்த மனிதரைப் பார்த்து எண்ணி முழுத் திருப்தியோடு பச்சை விளக்கைப் போட்டது.

"உரிமம் நின்னுது. மொகத்த ஏன் இப்படி வெச்சிருக்கறீங்க? எண்ணுச் சீட்டப் பின்னாடி திருப்பிப் பாருங்க" என்று கொடுத்துவிட்டு, அரசாயி பக்கத்து அறைக்குப் போனாள்.

சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

"எண்ணி காலி இலையைத்தான் எண்ணுகிறது. நான் இருந்தால் உங்களுக்குக் குறைகிறது. அதனால்தான் போனேன், கோபம் இல்லை. ஐப்பசியில் நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஐம்பத்தெட்டு. உங்கள் ஹாரன் கேட்டால் நாற்பத்து நான்கு."

நஞ்சப்பன் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை படித்துக்கொண்டே நடந்தார்.

பக்கத்து அறையில் கோகிலா தொப்பியோடு எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரையில் ஐம்பத்தெட்டு அசையாமல் நின்றது. முடிய இன்னும் நான்கு நிமிடம். அப்போது வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. இடது கால் கொஞ்சம் இழுக்கும் நடை.

ஐம்பத்தாறு.

நஞ்சப்பன் வாசற்படியில் வந்து நின்றார். அவளுடைய பின்னந்தலையும் அதற்கப்பால் திரையும் தெரிந்தன. கோலாப்பூரிலிருந்து சங்ககிரி வரைக்கும் பதினாறு மணி நேர விழிப்பில் மாற்றி மாற்றிச் சேர்த்துவைத்த வார்த்தைகள் ஐந்து மாதமாக உள்ளே கிடந்தன. வாயைத் திறந்தார்.

ஐம்பத்து மூன்று. ஐம்பத்திரண்டு.

"அண்ணா!" அரசாயி பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அங்க நின்னீங்கன்னா இவ சாவி போயிரும். சாவி போச்சுன்னா வேலையும் போச்சு."

கோகிலாவின் கழுத்து திரும்பவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டு வந்தது.

ஐம்பத்தொன்று.

நஞ்சப்பன் வாயை மூடிக்கொண்டார். ஆரஞ்சைச் சத்தமில்லாமல் வாசற்படியில் வைத்தார். திரும்பி நடந்தார்.

"அம்பத்திரண்டு!" அரசாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சத்தமாகவே படிக்க ஆரம்பித்தாள். "அம்பத்தி மூணு... அம்பத்தஞ்சு..."

கோகிலா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்து மூன்றில் அவர் வராந்தாவைத் தாண்டியிருந்தார். ஐம்பத்தைந்தில் டயர் கழுவும் தொட்டியை. "அம்பத்தேழு" என்று அரசாயி கை தட்டியபோது, செருப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.