மைக்குக்கு வைத்த சந்தனம்

வெண்மதிக்கு ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடக் கொண்டாட்டம். தீபாவளிக்குப் புதுத்துணியைப் போட்டுக்கொண்டு அழுக்காகாமல் நிற்க வேண்டும். ஆயுத பூஜைக்கோ கை நிறைய வேலை. வீட்டுச் சாமான்களை எல்லாம் துடைத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்கலாம். யாரும் திட்ட மாட்டார்கள்.

அந்த வருடமும் அப்படித்தான். அம்மா பாஞ்சாலியின் தையல் மிஷின், அப்பாவின் பைக், மண்வெட்டி, களைக்கொத்து, மிக்சி, கிரைண்டர், டார்ச் லைட் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. கிண்ணத்தில் இன்னும் பாதிச் சந்தனம் இருந்தது. வெண்மதி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பொட்டு இல்லாமல் மூளியாக உட்கார்ந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அது அன்பரசி அக்காவின் மைக்.

மேசைமேல் குட்டி ஸ்டாண்டில் நிற்கும் கறுப்பு மைக் அது. பின்னால் ஒரு நீள வயர். வயரை லேப்டாப்பில் சொருகிவிட்டுப் பேசினால், பேசியதெல்லாம் பதிவாகிவிடும். போனில் பதிந்தால் தெருவில் போகிற டிராக்டர் சத்தமும் சேர்ந்து பதியும். இந்த மைக்கில் அக்காவின் குரல் மட்டும் பளிச்சென்று கேட்கும்.

அன்பரசி அக்கா பாப்பிரெட்டிப்பட்டியில் இ-சேவை மையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அன்று காலை அங்கே நடக்கிற பூஜைக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"என் மேசைப் பக்கம் மட்டும் வராத வெண்மதி. சாயந்தரம் வந்து நானே பொட்டு வெச்சுக்கறேன்."

"சரிக்கா" என்று பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டியது இதே வெண்மதிதான். ஆனால் கையில் சந்தனக் கிண்ணம் இருக்கும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மைக்கின் தலையில் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கம்பி வலை உண்டு. அதன்மேல் மூன்று விரலால் தாராளமாகச் சந்தனத்தை இழுத்தாள். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

சாயங்காலம் தெருமுனையில் அக்காவின் ஸ்கூட்டி சத்தம் கேட்டபோதுதான் திக்கென்றது. ஈரத்துணியை எடுத்து அவசர அவசரமாகத் தேய்த்தாள். மைக் பளபளவென்று ஆகிவிட்டது. துணியில் வந்தது பாதிச் சந்தனம். மீதிப் பாதி எங்கே போனது என்று அவள் யோசிக்கவில்லை.

இனி மாதேஸ்வரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அதே தெரு. வெண்மதியோடு ஏழாம் வகுப்பு படிக்கிறவன். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் கண் தெரியாது. ஆனால் வேலியில் ஒரு குருவி வாயைத் திறந்தால் போதும், என்ன குருவி என்று சொல்லிவிடுவான்.

அடுத்த புதன்கிழமை தருமபுரியில் பறவைகள் பற்றிய வினாடி வினா. அதற்கென்று ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். மொத்தம் பத்துப் பாடங்கள். எல்லாக் கேள்வியும் அதிலிருந்துதான் வரும். முதல் பரிசு என்ன தெரியுமா? இரண்டு நாள் வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போவார்கள்.

"அங்க ஆயிரக்கணக்குல பறவைங்க ஒண்ணாக் கத்துமாம் வெண்மதி! அது எப்படி இருக்கும்னு நான் ஒரு தடவ கேட்டே ஆவணும்" என்று பார்க்கிறபோதெல்லாம் சொல்லுவான்.

புத்தகம் அச்சில் இருந்தது. விரலால் தடவிப் படிக்கிற பிரெய்லில் இல்லை. அவனுடைய அப்பா வெங்கடாசலத்துக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அம்மா குள்ளம்மாளுக்கு அதுவும் தெரியாது. அதனால் அன்பரசி அக்கா தினம் ஒரு பாடத்தை மைக்கில் படித்து வெங்கடாசலத்தின் போனுக்கு அனுப்பினாள். மாதேஸ் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் ஆக்கிவிடுவான். ஏழு பாடம் முடிந்திருந்தது. பாக்கி மூன்றுதான்.

வியாழக்கிழமை அக்கா எட்டாவது பாடத்தைப் படித்து அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலையிலேயே மாதேஸ் வந்து நின்றான்.

"அக்கா, போர்வைய மூடிக்கிட்டுப் படிச்சீங்களா?"

"இல்லியேடா, ஏன்?"

"ம்ம்ம்ம்னு மட்டும் கேக்குதுங்கக்கா. ஒரு வார்த்தைகூட வெளங்கல."

"நேத்து ஐஸ்கிரீம் தின்னேன். தொண்ட கட்டிக்கிச்சு போல" என்றாள் அக்கா. மிளகு தட்டிப்போட்டுச் சுடுதண்ணீர் குடித்தாள். மறுபடி முதலிலிருந்து உரக்கப் படித்தாள். லேப்டாப் ஸ்பீக்கர் போயிருந்ததால் பதிந்ததை அவளால் போட்டுக் கேட்க முடியவில்லை. மாதேஸ் கேட்டபோது அதுவும் ம்ம்ம்ம்தான்.

வெங்கடாசலம் வேறு மாதிரி யோசித்தார். "நம்ம போன்தான்டா பழசு. அன்னிக்கு மழையில வேற நனைஞ்சுது. ஸ்பீக்கர் போயிருக்கும்." சனிக்கிழமை தக்காளி பறிக்கிற வேலையை விட்டுவிட்டுப் பொம்மிடிக்குப் பஸ் ஏறினார். கடைக்காரர் போனை வாங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் போய்வந்தார். போனில் ஒரு கோளாறும் இல்லையாம்.

இவ்வளவும் வெண்மதியின் கண் முன்னாலேயே நடந்தது. மீதிச் சந்தனம் எங்கே போனது என்று அவளுக்கு வெள்ளிக்கிழமையே புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் ஒரே ஒரு திட்டு. சனிக்கிழமை சொன்னால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் வெங்கடாசலம் இரண்டு தடவை பஸ் ஏறிய பாவமும் சேர்ந்துகொண்டது. நாள் ஆக ஆக வாயைத் திறப்பது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. திங்கட்கிழமை வகுப்பில் மாதேஸ் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் சொல்லவில்லை. அக்காவோ கத்திக் கத்திப் படித்து உண்மையிலேயே தொண்டையைக் கெடுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும் வெண்மதி ஒரு முடிவுக்கு வந்தாள். யாருக்கும் தெரியாமல் தானே மைக்கைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவது.

அம்மாவின் தையல் மிஷின் டப்பாவிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். மைக்கை ஸ்டாண்டிலிருந்து திருகி எடுத்தாள். அடியில் ஒரு ரப்பர் வளையம். அதை நகத்தால் நெம்பினால் உள்ளே எறும்பு சைசில் மூன்று ஸ்க்ரூ. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். கம்பி வலை தனியாகக் கழன்று வந்தது.

உள்ளே பார்த்தால், ஐயோ! ஓட்டைகளில் எல்லாம் சந்தனம் காய்ந்து கெட்டியாகி அடைத்துக்கொண்டிருந்தது.

வலையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓட்டைகள் வழியே வெளிச்சம் வந்தது. வெண்மதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் இருந்தது. மைக்குக்குக் காது அதுதான். அதன்மேல் குங்குமம் சிவப்பாக ஒட்டியிருந்தது. பாவாடை நுனியால் அதை ஒரு அழுத்து அழுத்தித் துடைத்தாள். வட்டம் அசைந்தது. அதிலிருந்து போன முடி மாதிரி மெல்லிய வயர் பட்டென்று பிய்ந்து தொங்கியது.

வெண்மதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இதுவரை ம்ம்ம்ம் என்றாவது கேட்டது. இப்போது அதுவும் போயிற்று.

அக்கா உள்ளே வந்தபோது ஒளித்துவைக்க நேரம் இருந்தது. வெண்மதி ஒளித்துவைக்கவில்லை.

"அக்கா, ஆயுத பூஜையன்னிக்கு நான்தான் இதுக்குச் சந்தனம் வெச்சேன். உள்ள போயி அடைச்சுக்கிச்சு. எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். இப்ப சரி பண்றேன்னு வயரையும் பிச்சுட்டேன்."

அன்பரசி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. திட்டுவதற்குக்கூட அவளிடம் குரல் இல்லை. நாலு திட்டு விழுந்திருந்தால் வெண்மதிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா ஸ்க்ரூவை எல்லாம் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து, மைக்கை எடுத்துக்கொண்டு பிரபாகர் அண்ணனின் ரிப்பேர் கடைக்குப் போனாள்.

அரை மணியில் திரும்பி வந்து ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். "அந்த வட்டமே போச்சு. புதுசு சேலத்திலிருந்து வரணும். அடுத்த வாரம் ஆகும்."

நாளைக் காலையில் போட்டி.

வெண்மதி மேசைமேல் இருந்த பறவைப் புத்தகத்தை எடுத்தாள். "நான் போய்ப் படிச்சுக் காட்டறேன்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நாலு வீடு தள்ளித்தான் மாதேஸ் வீடு. ஆனால் அன்றைக்கு அது பொம்மிடி தூரம் இருந்தது.

மாதேஸ் வாசற்படியில் உட்கார்ந்து போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தான். ம்ம்ம்ம் என்று கேட்டது.

"மாதேஸ், உங்கப்பா போன் நல்லாத்தான் இருக்கு."

"தெரியும். கடைக்காரரே சொல்லிட்டாரு."

"எங்கக்கா தொண்டையும் நல்லாத்தான் இருந்துச்சு. கெட்டுப்போனது மைக்கு. கெடுத்தது நான்." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மாதேஸ் போனை நிறுத்தினான். விரல்விட்டு எண்ணினான்.

"சந்தனம் வெச்சதுக்கெல்லாம் எனக்குக் கோவமில்ல. எங்கம்மாவும்தான் டிவி ரிமோட்டுக்குப் பொட்டு வெச்சாங்க. பட்டனே அமுங்க மாட்டேங்குது. ஆனா வெள்ளிக்கிழமையில இருந்து அஞ்சு நாளாச் சும்மா இருந்திருக்க. நேத்து என் பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"ஆமா."

"உன் வூட்டுக்குப் போ."

வெண்மதி போகவில்லை. என்ன செய்வது என்றும் தெரியவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டியா?"

"இல்ல."

"புக்கு இருக்கா?"

"இருக்கு."

"எட்டாவதுல இருந்து படி. ரயில் வண்டியாட்டம் ஓடாத."

எட்டாவது பாடம் நீர்ப் பறவைகள். ஒன்பதாவது, தூர தேசத்திலிருந்து வந்துபோகும் பறவைகள். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. பத்தாவது பாடத்தைத் திறக்கும்போது குள்ளம்மாள் வந்தாள்.

"போதும் சாமி. காலைல ஆறு மணிக்குப் பஸ்ஸு. ரெண்டு பேரும் தூங்குங்க."

மறுநாள் டீச்சரிடம் போனில் சொல்லிவிட்டு வெண்மதியும் கூடப் போனாள். பஸ்ஸிலாவது பத்தாவது பாடத்தைப் படித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மாதேஸும் அவன் அப்பாவும் முன்னால் மாட்டிக்கொண்டார்கள். அவள் பின்படிக்குப் பக்கத்தில். தருமபுரியில் இறங்கி ஓடிப்போய்ப் போட்டி மண்டபத்துக்குள் நுழையும்போதே முதல் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாதேஸ் பிய்த்து உதறினான். ஒவ்வொருவராகக் கழன்றுபோய்க் கடைசியில் இரண்டே பேர். அவனும், தேவிப்பிரியா என்று ஒரு பெண்ணும். இருவருக்கும் சம மதிப்பெண். கடைசியாக ஒரே கேள்வி.

"தூக்கணாங்குருவி தன் கூட்டின் உள்பக்கத்தில் எதை ஒட்டி வைக்கும்?"

மாதேஸின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வெண்மதி மடியிலிருந்த புத்தகத்தைப் பிரித்தாள். பத்தாவது பாடம், இரண்டாவது பக்கம். அவள் கண்ணுக்கு அது நன்றாகவே தெரிந்தது. அவனுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

"களிமண்" என்றாள் தேவிப்பிரியா.

மாதேஸுக்கு இரண்டாம் பரிசாக ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

திரும்பும்போது பஸ் காலியாக இருந்தது. வெங்கடாசலம் முன் சீட்டில் தூங்கிவிட்டார். மாதேஸ் ஜன்னலோரம், பக்கத்தில் வெண்மதி.

"வேடந்தாங்கல் போச்சு" என்றான் மாதேஸ்.

"என்னாலதான்."

"ஆமா, உன்னாலதான்."

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். வெண்மதி சத்தம் வராமல் அழுதாள். மாதேஸிடம் அது நடக்குமா?

"மூக்க உறிஞ்சாத. பத்தாவது பாடத்தப் படி."

"போட்டிதான் முடிஞ்சுபோச்சே?"

"களிமண்ணுன்னு சொல்லிட்டு அந்தப் புள்ள பாட்டுக்கு எறங்கிப் போயிடுச்சு. அத எதுக்கு ஒட்டுதுன்னு யாருமே சொல்லல. எனக்குத் தெரிய வேணாமா?"

வெண்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள். பஸ் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி படித்தாள். "காற்றில் கூடு அதிகம் ஆடாமல் கனமாக இருப்பதற்காக என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையான காரணம் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை."

"புக்குக்கே தெரியாதா?" மாதேஸ் சிரித்துவிட்டான். "அப்ப ஒரு நாளைக்கு நாமதான் போயிப் பாக்கணும். ம், மேல படி."

அவள் படித்தாள். இரண்டு தடவை ஹார்ன் சத்தத்தில் வரி காணாமல் போனது. இரண்டு தடவையும் அவன் கேட்பதற்கு முன்பே திரும்பப் படித்தாள். பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் நின்றபோது இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கி இருந்தது. வெங்கடாசலம் டீ குடித்து வருவதற்குள், பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்து அதையும் ஒரு வரி விடாமல் படித்து முடித்தாள்.