ஒரு பல் தள்ளி

மூன்று நாளாக இருமாமல் ஒரு வார்த்தைகூட முழுசாகச் சொல்ல முடியாமல் கிடந்த புன்மா, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தெளிவான குரலில் பேசினான்.

"முதல்ல ரேடியேட்டர் தண்ணியை இறக்கு, துவங்."

கொட்டகையில் பிக்கப்பின் முன்னால் ஸ்பானரைப் பிடித்தபடி திகைத்து நின்ற துவங்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. புருஷன் தெளிந்துவிட்டான். மெக்கானிக் அவன். அவள் இத்தனை வருஷமாக அவனுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தவள், அவ்வளவுதான்.

நேற்று மாலை வெள்ளம் ஓடைப் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊர் முழுக்க அக்கரையில். இக்கரையில் இவர்கள் வீடு ஒன்றுதான். போனில் சிக்னல் இல்லை. புவா டவுன் ஆஸ்பத்திரிக்கு இனி மலையேறிப் போகும் பழைய பாதைதான் கதி. விடிந்ததும் அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பியும் பார்த்தாள். முதல் மேட்டிலேயே இஞ்சினுக்குள் சங்கிலியால் தகரத்தை அறைவதுபோல் சத்தம். வண்டி உதறியது. "டைமிங் செயின் தேஞ்சு தொங்குது... ஏத்தத்துல பல்லு தாண்டிச்சுன்னா... இஞ்சின் போச்சு," என்றான் இருமலுக்கு நடுவில். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. திரும்பிவந்து அவனைப் பாயில் கிடத்தினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய புதுச் செயின் பெட்டியோடு அலமாரியில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் மாட்டியாக வேண்டும்.

குரல் சொல்லச் சொல்ல அவள் கழற்றினாள். கொட்டகையின் தகரக்கூரையில் மழை இரைந்துகொண்டே இருந்தது. பழைய ஆயில் நெடியும் ஈர மண்வாசனையும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன. மேகம் கவிந்து, மத்தியானமே அந்திபோல மங்கியிருந்தது. ரேடியேட்டர், விசிறி, பெல்ட். புல்லி போல்ட் அசையவில்லை.

"ஸ்பானர்ல குழாயைச் சொருகி அமுக்கு. சோறு திங்கிறவதானே?"

"நீங்க வந்து அமுக்குங்க, பீ. சும்மா படுத்துக்கிட்டு வாய் மட்டும்," என்றாள். பீ என்றால் மூத்தவர்; அவர்கள் பக்கம் புருஷனைக் கூப்பிடும் முறை. சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று சிரித்து. போல்ட் கிறீச்சிட்டு இளகியது.

முன்மூடியைத் திறந்ததும் பழைய செயின் செத்த பாம்புபோல் தொங்கியது. அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை நொறுங்கி, துண்டுகள் அடியில் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கைநழுவி ஒரு வாஷர் விழுந்து உருண்டது.

"இடது காலுக்குப் பின்னாடி கிடக்கு."

குனிந்து பார்த்தாள். அங்கேதான் கிடந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம் கேட்டுச்சே."

அந்த மழையிலா? சுவரில் சன்னல்கூட இல்லை. அவள் வாஷரைத் துடைத்தாள். தேவைக்கு அதிகமாகவே துடைத்தாள்.

புதுச் செயினில் இரண்டு கண்ணிகள் மட்டும் வெள்ளை. பல்சக்கரங்களில் உள்ள புள்ளிகளோடு அவை நேராக நிற்க வேண்டும் என்று பெட்டியில் இருந்த தாளில் படம் போட்டிருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. நேராக வைத்தாள்.

"அப்படி இல்ல. மேல் சக்கரத்துல ஒரு பல் தள்ளிப் போடு."

"தள்ளினா வண்டி ஓடாதே பீ? நீங்கதானே சொல்வீங்க?"

"நான் சொல்றதைச் செய்."

அவன் அவளிடம் அந்தத் தொனியில் பேசியதே இல்லை. காய்ச்சல், என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் இஞ்சினைப் பற்றி அவனைவிட யாருக்குத் தெரியும்? அவனைக் காப்பாற்றப் பொழுதும் இல்லை. ஒரு பல் தள்ளிப் போட்டாள்.

"கஞ்சி கொண்டுவரவா?"

"உள்ள வராத. முதல்ல முடி."

மூடியை மாட்டினாள். அடிப்பக்க போல்ட்டுகளை இறுக்க வண்டிக்குக் கீழே ஊர்ந்தாள். ஈரத் தரை முதுகில் சில்லிட்டது. கடைசி போல்ட்டைத் திருகும்போது குரல் வந்தது.

"போதும். இறுக்கிட்ட."

சுவரிலிருந்து வரவில்லை. குரலுக்கும் அவளுக்கும் நடுவே மழைச்சத்தமே இல்லை. காதுக்கு மேலே. ஒரு சாண் தூரத்தில். இரும்புக்குள்ளிருந்து.

எப்படி வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. வீட்டுக்குள் ஓடினாள்.

புன்மா சுவர்மூலையில் ஒடுங்கிக் கிடந்தான். கண் விரியத் திறந்திருந்தது. வாய்க்குள் துணி. தானே திணித்துக்கொண்ட துணி. இருமல் கொட்டகையில் இருப்பதற்குக் கேட்டுவிடாமலிருக்க. அவள் அதை உருவினாள். நூல் இழுத்தாற்போல் மூச்சு வந்தது.

"காலையிலேர்ந்து..." கரகரத்தான். "யார்கூட... பேசிட்டிருக்க, துவங்?"

அவள் அவனையே சுட்டிக் காட்டினாள்.

"நான்... வாயே திறக்கல."

கொட்டகையிலிருந்து அவன் குரல் கணீரென்று கூப்பிட்டது.

"வண்டி ரெடி. அவனைக் கூட்டிட்டு வா."

போகக் கூடாது. அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவன் நெஞ்சு பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது. நகக்கண்ணெல்லாம் நீலம். பாலம் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை. இருட்டினால் அவன் இருக்கமாட்டான். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மாட்ட நேரமில்லை. ரேடியேட்டரை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள், ஆயில் ஊற்றினாள். குரல் பேசவில்லை. அவன் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தான். "வேணாம்... அதுல வேணாம்..." அவள் காதில் வாங்காமல் முதுகில் தூக்கிப்போய் முன்சீட்டில் கட்டினாள்.

சாவியைத் திருப்பினாள்.

ஓடவே கூடாத இஞ்சின் ஓடியது. துளி சத்தமில்லை. எண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு.

முதல் மேடு ஏறியது. இரண்டாவது வளைவு. மூன்றாவது. மழையில் பாதை மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் இருமல் நின்றிருந்தது. எப்போது நின்றது?

"பீ?"

புன்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தம் ஓடியது. உதடு சிவந்திருந்தது. பாதையையே பார்த்தான்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்," என்றான். தெளிவான குரல்.

அப்போதுதான் கேட்டது. முன்னால். பானட்டுக்கு அடியில். செயின் சுற்றும் இடத்தில்.

இருமல்.

ஈரமான, நெஞ்சைப் பிளக்கும் இருமல்.

"துவங்..." கரகரத்தது இஞ்சின். "நிறுத்து... என்னையும்... சேர்த்துச் சுத்துது..."

அவள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். வண்டி வேகம் குறையவில்லை. பிரேக்கை மிதித்தாள். பாதாளம்வரை இறங்கியது. சாவியைப் பிடுங்கினாள். கையோடு வந்தது. இஞ்சின் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பிரியும் பாதை பின்னால் போய் மறைந்தது.

அவன் கை வந்து அவள் கைமேல் இதமாகப் படிந்து, கியரை மாற்றியது.

செயின் இன்னும் வேகமாகச் சுழன்றது. உள்ளே இருமலும்.